மதுரையிலிருந்து வந்த பிரிட்ஜ் டைரக்டர்: இரண்டு பக்கமும் தப்பு செய்தபோது என்ன செய்தார்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி வைக்கிறவர்களுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு நம் ஊரில் பஞ்சமா? மேசை நாற்காலிக்குப் பந்தல்காரர் இருக்கிறார், சமையலுக்கு ஆள் இருக்கிறது. கிடைக்காதது டைரக்டர்தான், அதாவது தப்பு நடந்தால் தீர்ப்புச் சொல்கிற நடுவர். சட்டப் புத்தகத்தைப் படித்தவராக, படித்ததை மேசைக்கு வந்து சொல்லத் தெரிந்தவராக, சொந்தக்காரர் என்று பார்க்காதவராக ஒருவர் வேண்டும். மூன்றாவதுதான் இங்கே ரொம்பக் கஷ்டம்.

இந்த முறை மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய், கார் செலவு தனி. ஒன்பது மேசை, பதினெட்டு ஜோடி, கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி வீடு. ஏற்பாடு என்னுடையது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் இந்த வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அவர் பெயரைப் போடவில்லை, அவரும் விளம்பரம் கேட்கவில்லை. வேண்டுகிறவர்கள் மதுரை ஆட்டக்காரர்களிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

ஒருவர் மட்டும் தப்பு செய்தால் தீர்ப்புச் சொல்வது பெரிய வித்தையில்லை. பக்கத்தைப் புரட்டினால் விடை இருக்கும். ஒரே போர்டில், அதாவது ஒரு முறை சீட்டுப் பிரித்து ஆடுகிற ஆட்டத்தில், இரண்டு பக்கமும் தப்பு செய்யும்போதுதான் டைரக்டரின் சரக்கு வெளியே வரும். இதற்கு முன் எங்களுக்கு அந்த வேலையைப் பார்த்தவர் நல்ல மனுஷர், ஆனால் இப்படி ஒன்று வந்தால் "சரிக்குச் சரி, எடுத்து வச்சுட்டு ஆடுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். பங்காளிச் சண்டைக்கு அந்தப் பஞ்சாயத்து சரி. பிரிட்ஜுக்குச் சரியில்லை. புதிதாக வந்தவரிடம் நான் கவனித்ததும் இதைத்தான்.

முதல் சம்பவம் என் மேசையிலேயே நடந்தது. என் தம்பி 3 நோ டிரம்ப் ஆடுகிறான்: துருப்பு இல்லாமல் ஒன்பது ட்ரிக் (ஜெயிக்கிற சுற்று) எடுப்பதாக ஏலம் கேட்டு ஆடுகிற டிக்ளேரர் அவன். அவன் ஜோடி நான், டம்மி. அதாவது என் சீட்டெல்லாம் மேசையில் விரித்துக் கிடக்கிறது, எனக்கு வாய் கிடையாது. யாராவது தப்பு செய்தால் அதைச் சுட்டிக்காட்டக்கூட ஆட்டம் முடிகிறவரை டம்மிக்கு உரிமை இல்லை. தப்பு நடக்கப் போகிறது என்றால் தடுக்கலாம், நடந்த பிறகு சும்மா இருக்க வேண்டும். முப்பது வருடம் வகுப்பில் "அங்கே என்ன பேச்சு" என்று அதட்டியவளுக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பி கிளாவரை இழுத்துக்கொண்டே போகிறான். மேற்கே உட்கார்ந்திருந்த புதுவயல் அண்ணனிடம் கிளாவர் தீர்ந்துவிட்டது, வேறு ஏதாவது கழிக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சுற்றி வந்திருந்தன. அண்ணன் விரலைத் துடைத்தாரா இல்லையா, தெரியாது. ஒரு சீட்டை எடுத்துப் போட்டார், இரண்டு விழுந்தது. டைமண்ட் 4, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஸ்பேடு ராணி. இரண்டும் மல்லாக்க, எல்லோர் கண்ணுக்கும் நேராக.

அதைப் பார்த்துத் தம்பி சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்தும் மூன்று சீட்டு நழுவி மேசையில் மல்லாந்தது.

"விடு தம்பி, உனதும் தெரிஞ்சுபோச்சு, எனதும் தெரிஞ்சுபோச்சு. எடுத்து வச்சுக்குவோம்" என்றார் அண்ணன். தம்பி கேட்கவில்லை. "இருங்கண்ணே" என்று கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிட்டான். அவன் செய்தது சரி. தப்பு ஒன்றை யாராவது சுட்டிக்காட்டிவிட்டால் உடனே டைரக்டரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி முடிக்கிறவரை யாரும் அடுத்த சீட்டைத் தொடக்கூடாது. நாமே பேசித் தீர்த்துக்கொண்டு ஆடிவிட்டு, பிறகு நஷ்டம் என்று போய் நின்றால் கிடைக்க வேண்டிய நிவாரணம் கைவிட்டுப் போகலாம்.

டைரக்டர் வந்தார். முதலில் கேட்டது என் தம்பியிடம்: "கையை வேணும்னு காட்டுனீங்களா, தானா விழுந்துச்சா?" எனக்கு அங்கேயே ஆள் மேல் மரியாதை வந்துவிட்டது. டிக்ளேரர் வேண்டுமென்றே கையை விரித்துக் காட்டினால், மீதி ட்ரிக் எனக்கு இத்தனை என்று கோருவதாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தையே அங்கே நிறுத்திவிட இடம் இருக்கிறது. தானாக விழுந்தது என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டோம். "அப்போ எடுத்துக்குங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

புதுவயல் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுக்கு மூணு சீட்டு, ஒண்ணும் இல்லை. எனக்கு ரெண்டு சீட்டு, தண்டனையா?"

வேறு ஒருவராக இருந்தால் விதி எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க டிஃபெண்டர், அவரைத் தடுக்கிற பக்கம். உங்க சீட்டைப் பார்த்தா லாபம் எதிர்ல இருக்கிற உங்க பார்ட்னருக்கு. அவர் இன்னும் கையில சீட்டை வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு இருக்கார். இவர் சீட்டைக் காட்டினா யாருக்கு லாபம்? இவர் பார்ட்னர் டம்மி. ஆச்சி சீட்டெல்லாம் ஏற்கெனவே மேசையில. லாபம்னா உங்களுக்குத்தான்." டிக்ளேரர் சீட்டோ டம்மி சீட்டோ ஒருபோதும் பெனால்டி கார்டு, அதாவது தண்டனையாக மேசையில் திறந்து கிடக்க வேண்டிய சீட்டு, ஆகாது என்பது சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. அதன் காரணத்தை இவ்வளவு சுருக்கமாக நான் வேறு யார் சொல்லியும் கேட்டதில்லை.

அப்புறம் அண்ணனுக்கு இரண்டு வழியையும் விளக்கினார். இரண்டு சீட்டில் எதைப் போட்டதாக வைத்துக்கொள்வது என்பது அண்ணன் இஷ்டம். ராணியைப் போட்டால் டைமண்ட் 4 சின்ன பெனால்டி கார்டாக மேசையில் கிடக்கும். அதனால் பெரிய தொந்தரவு இல்லை, டைமண்டில் வேறு சில்லறைச் சீட்டுப் போடுவதற்கு முன் இதைப் போட வேண்டும், அவ்வளவுதான். நாலைப் போட்டால் ராணி பெரிய பெனால்டி கார்டு, ஏனென்றால் பத்தும் அதற்கு மேலும் படச்சீட்டுக் கணக்கு. முறைப்படி போட முடிகிற முதல் சந்தர்ப்பத்திலேயே அதைப் போட்டாக வேண்டும். பார்ட்னர் கைக்கு ஆட்டம் போனால், அவர் என்ன இறக்கலாம் என்பதில் டிக்ளேரர் தலையிடலாம்.

அண்ணனுக்கு ராணியை இழக்க மனசில்லை. நாலைப் போட்டார். அடுத்த ட்ரிக்கிலேயே கிழக்கு, அதாவது அண்ணனின் பார்ட்னர், ஜெயித்துவிட்டது. டைரக்டர் நகராமல் பக்கத்திலேயே நின்றிருந்தார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் இருங்க" என்று கிழக்கை நிறுத்திவிட்டுத் தம்பியிடம் மூன்று வழியைச் சொன்னார். ஸ்பேடு இறக்கு என்று கட்டளையிடலாம். ஸ்பேடு இறக்காதே என்று தடுக்கலாம். இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் ராணி அண்ணன் கைக்குத் திரும்பிவிடும். இல்லை, இஷ்டம்போல் ஆடட்டும் என்று விடலாம், அப்போது ராணி மேசையிலேயே கிடக்கும். தம்பி தடுத்தான். கிழக்கு டைமண்ட் இறக்கியது, ஆஸ் எங்களிடம், ஒன்பது ட்ரிக் வந்துவிட்டது. போகிற போக்கில் கிழக்கிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: ராணி கைக்குத் திரும்பிய பிறகு, அது உங்கள் பார்ட்னரிடம் இருப்பது உங்களுக்குத் தெரியாத மாதிரிதான் நீங்கள் ஆட வேண்டும், டிக்ளேரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதை மறக்காமல் சொல்கிற டைரக்டர் அபூர்வம்.

இரண்டாவது சம்பவம் ஆறாவது மேசையில். எண்பதைத் தாண்டிய ஒரு ஆச்சியும் அவருடைய பேரனும் ஒரு ஜோடி. எதிரே கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். ஆச்சி 4 ஆர்ட்டின் ஆடுகிறார், ஆர்ட்டின் துருப்பு, பத்து ட்ரிக் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு டைமண்டைத் துருப்பால் வெட்டியிருக்கிறார், கையில் டைமண்ட் இருக்கும்போதே. இரண்டு ட்ரிக் கழித்து ஒரு இளைஞர், கையில் ஸ்பேடு வைத்துக்கொண்டே ஸ்பேடுக்கு கிளாவரைக் கழித்திருக்கிறார். இரண்டுமே ரிவோக், அதாவது இறங்கிய வகைச் சீட்டு கையில் இருந்தும் வேறு போடுவது. இரண்டும் அந்தந்த நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் ஆட்டம் நகர்ந்துவிட்டதால் நிலைத்துப்போன ரிவோக். கடைசியில் ஆச்சிக்குப் பதினொரு ட்ரிக் என்று எழுதும்போதுதான் இரண்டும் வெளியே வந்தன.

மேசையைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குக் கணக்கு. ரிவோக் செய்தவரே அந்த ட்ரிக்கை ஜெயித்து, அப்புறம் அவர் பக்கம் இன்னும் ட்ரிக் எடுத்திருந்தால் இரண்டு ட்ரிக் கைமாறும், ஆச்சி வெட்டி ஜெயித்தார், ஆகவே ஆச்சிக்கு இரண்டு போச்சு. இளைஞர் ஜெயிக்கவில்லை, அவர் பக்கம் ஒன்று போச்சு. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒன்று. "பதினொண்ணுல ஒண்ணு போனா பத்து, எழுதுங்க" என்று யாரோ முடித்தும் வைத்துவிட்டார்கள்.

டைரக்டர் இந்தக் கணக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே போர்டில் இரண்டு பக்கமும் ரிவோக் செய்து இரண்டும் நிலைத்துவிட்டால் தானாகக் கைமாறுகிற ட்ரிக் கிடையாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64ஆம் விதி. அதற்காக ஆடியது ஆடியபடி போகட்டும் என்றும் விடுவதில்லை. ஒருவரும் ரிவோக் செய்யாமல் இருந்திருந்தால் இந்த போர்டு எப்படி முடிந்திருக்கும் என்று பார்த்து, நடந்ததால் ஒரு பக்கத்துக்கு லாபம் வந்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். சரிக்குச் சரி என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

போட்டி பிரிட்ஜில் ஆடிய சீட்டை நடுவில் எறிவதில்லை, அவரவர் முன்னாலேயே வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறோம். அந்த வரிசை கலையாமல் இருந்ததால் நாலு கையையும் ட்ரிக் ட்ரிக்காகத் திரும்ப விரித்தார். ஆச்சியின் வெட்டு ஒரு ட்ரிக்கைக் கூடுதலாகக் கொடுத்திருந்தது. இளைஞர் ஸ்பேடு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அந்த ட்ரிக் ஆச்சி பக்கம்தான், அந்தத் தப்பால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே பத்து. ஸ்கோர் 450 என்பது 420 ஆனது. விடை கூட்டம் சொன்ன அதே பத்துதான், சிலர் "இதைத்தானே நாங்களும் சொன்னோம்" என்றார்கள். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், விடை சரி, வழி தப்பு. என் வகுப்பில் அதற்கு மார்க் கிடையாது. சீட்டு கொஞ்சம் வேறு மாதிரி விழுந்திருந்தால் அந்த இரண்டு கழித்தல் ஒன்று வேறு எங்கோ போய் நின்றிருக்கும்.

ஆச்சிக்கு வருத்தம்தான். ஆனால் தன் கையை விரித்துக் காட்டிய பிறகு "ஆமப்பா, டைமண்டு மூலையில ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்று சிரித்துவிட்டார்.

மூன்றாவது விஷயத்தில்தான் டைரக்டர் மீது எனக்குக் குறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது மூன்றாம் மேசையில் இரண்டு ஜோடியுமே இல்லை. ஒரு ஜோடி முகப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு ஜோடி கடைசிப் பந்தியில் இன்னும் கும்மாயத்துக்குக் காத்திருந்தது. வந்து சேர்ந்தபோது ஒரு போர்டு ஆட நேரமில்லை. டைரக்டர் யாரிடமும் எதுவும் கேட்காமல் இரண்டு ஜோடிக்கும் அந்த போர்டுக்கு 40 சதவீத மார்க் என்று போட்டுவிட்டார்.

"ஆளுக்குப் பாதின்னா அம்பதுதானே வரணும், நாப்பது எப்படி?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் சரியானது. ஆட முடியாமல் போன போர்டில், நேராகத் தப்பு செய்தவருக்கு அதிகபட்சம் 40, பாதித் தப்பு உள்ளவருக்கு 50, தப்பே இல்லாதவருக்குக் குறைந்தது 60. இரண்டையும் கூட்டினால் நூறு வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு பேரும் தப்பென்றால் இரண்டு பேருக்கும் 40, மீதி இருபது யாருக்கும் இல்லை. இது எனக்குப் பிடித்த விதி. சொத்துப் பிரிக்கிற மாதிரி முழுசையும் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற நம் புத்திக்கு நல்ல மருந்து.

ஆனால் பந்தி தாமதமானது எங்கள் சமையல் ஏற்பாட்டால். அந்த ஜோடி என்ன செய்யும்? காலையில் தம்பியிடம் "தானா விழுந்துச்சா" என்று கேட்ட அதே ஆள் மத்தியானம் ஏன் கேட்கவில்லை? நான் போய்ச் சொன்ன பிறகு விசாரித்து அவர்களுக்கு 50 ஆக்கினார். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதால் 60 கொடுக்கவில்லை. அதை நானும் ஒத்துக்கொண்டேன். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு, ஸ்கோர் வெளியிட்டதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் அன்று யாருக்கும் தானாகச் சொல்லவில்லை. புத்தகம் தெரிந்த எங்களைப் போல நாலு பேருக்குத் தெரியும். முதல் முறை ஆட வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்கோர் போட லீவுக்கு வந்திருந்த என் மகனை உட்கார வைத்திருந்தேன். அவன் ஆடுவது பிரிட்ஜ் இல்லை, மேஜிக்: தி கேதரிங். 1993இல் அமெரிக்காவில் வந்த ஆட்டம், அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக் கொண்டுவருவார்கள். அதில் டைரக்டருக்கு ஜட்ஜ் என்று பேர். தண்டனை நாலு படி: எச்சரிக்கை, ஒரு ஆட்டம் தோல்வி, மேட்சே தோல்வி, வெளியேற்றம். ஒருவர் ஒரே காரணத்தால் நாலு விதி மீறினாலும் நாலு தண்டனை கிடையாது, அதில் கனமானது ஒன்றுதான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டத் தோல்வி வந்தால் இரண்டையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள், ஆனால் மேட்ச் ஸ்கோர் மாறாது.

"அப்போ அங்கேயும் சரிக்குச் சரிதானா?" என்றேன். "இல்லம்மா, பேர்ல ஏறுதுல்ல" என்றான். ஸ்கோரில் தெரியாவிட்டாலும் யார் என்ன செய்தார் என்பது பதிவில் நிற்கும். இன்னொன்றும் சொன்னான், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் விதிப்படி இல்லாமல் ஆடி, எதிராளி அதைக் கவனிக்காமல் விட்டு ஆட்டம் நகர்ந்தால் இரண்டு பேருக்கும் எச்சரிக்கை உண்டு. ஆனால் வேறு வேறு தலைப்பில். செய்தவருக்கு விதி மீறியதற்கு, பார்க்காமல் இருந்தவருக்கு ஆட்ட நிலையைக் காக்கத் தவறியதற்கு. முதல் வகை திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது முறை ஆட்டத் தோல்வியாக ஏறிவிடும், இரண்டாவது வகை அப்படி ஏறுவதில்லை. ஒரே நேரத்தில் விழுகிற இரண்டு தண்டனைக்கு இரண்டு எடை. என் தம்பி சீட்டுக்கும் புதுவயல் அண்ணன் சீட்டுக்கும் நடந்ததும் அதுதானே.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல் போதாது. வளவைச் சுற்றி நாலு பக்கமும் மேசை போட்டிருக்கிற வீட்டில் நடு வாசலில் நின்று அவர் அறிவித்தது எதிர்த் தாழ்வாரத்துக்குக் கேட்கவேயில்லை. ஸ்கோர் முடிவு வெளியிட மாலை இருட்டிவிட்டது, பள்ளத்தூர்க்காரர்கள் பாதிப் பேர் பரிசளிப்புக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். பேச்சில் மரியாதை நன்றாக இருந்தது. காலையில் எல்லோரையும் "சார், மேடம்" என்று ஆரம்பித்தவர் பத்து மணிக்கெல்லாம் "அண்ணே, ஆச்சி" என்று வந்துவிட்டார், கூட்டத்துக்கு இளக்கம் வந்ததே அப்புறம்தான். அதற்காக யாருக்கும் தீர்ப்பில் ஒரு ட்ரிக் கூடக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ப்ரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி பிரிட்ஜில் தங்கம் வாங்கிய பிறகு எங்கள் பக்கம் "சீட்டாட்டமா?" என்று முகம் சுளிப்பது குறைந்திருக்கிறது. பிள்ளைகளும் ஆட வருகிறார்கள். அவர்கள் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு இவர் பொருத்தமானவர். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று மத்தியானம் கேட்காமல் கொடுத்த அந்த நாற்பதுக்கு.

தை மாதப் போட்டிக்கும் அவரையே சொல்லியிருக்கிறோம். காலர் மைக் எங்கள் செலவு. தொடங்கும்போதே மேல்முறையீட்டு விதியை வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் பங்குக்கு ஒரே நிபந்தனைதான் போட்டார்: வெள்ளைப் பணியாரம் இடைவேளையில் மட்டும், மேசைக்கு வரக்கூடாது. சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.